மெக்சிகோக் குதிரையின் காது

கடையின் கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு நின்ற மரக்குதிரையின் காதில் பல் தடம் இருந்தது.

சின்ன வயதில், எங்கள் பொம்மனஹள்ளி வீட்டில் நான் கடித்தது அது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பெங்களூரு தொம்மலூரில் மேடம் நடத்தும் பழைய கலைப்பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, "எனக்குக் குடு கண்ணு, எங்க வீட்டு ஷோகேஸ்ல பத்திரமா வெச்சுக்கறேன்" என்று இந்தக் குதிரையை ஆசையாகக் கேட்டார். கொடுத்தேன்.

இன்று ஒரு வாடிக்கையாளர் அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்து விசாரித்தார்.

"மெக்சிகோல ஏதோ பழங்குடிக் குழந்தை கடிச்சது சார். நூறு வருஷம் இருக்கும்" என்றார் மேடம்.

"மேடம், அது நான்..."

"நீ சும்மா இரும்மா. சாருக்கு அட்டை எழுதிக் குடு."

கடையில் விவர அட்டை எழுதுவது என் வேலை.

'பொம்மனஹள்ளி. பதினான்கு வருடம். கடித்தது நான்' என்று எழுதி, குதிரையின் கழுத்தில் கட்டி அவரிடம் நீட்டினேன்.