மங்கல் கண்ணாடி

மாம்பலம் பக்கம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய புதிது. அங்கே ஒரு நிலையத்தில் பெண்கள் காத்திருக்கும் அறைக்கு ஜன்னல் அமைத்தவன் நான். வெளியிலிருந்து யாரும் பார்க்கக் கூடாது என்று எல்லா ஜன்னலுக்கும் மங்கல் கண்ணாடி போட்டேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒரு வாரம் கழித்து நண்பகலில் அங்கே போனேன். அறை காலியாகக் கிடந்தது. பெண்களெல்லாம் பிளாட்பாரத்து வெயிலில் நின்றார்கள். மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மாளின் தோளில் அவளுடைய நிறைமாத மகள் சாய்ந்திருந்தாள்.

“உள்ளே நிழலா இருக்கே, அங்கே உட்காரக் கூடாதாம்மா?” என்றேன்.

“உள்ள குந்திக்கினு இருந்தா வண்டி வர்றது எங்க நைனா தெரியுது? இப்பத்தான் ஒண்ண வுட்டுட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போவணும். எவன் போட்டானோ இந்தக் கண்ணாடிய!”

நான் வண்டி வருகிறதா என்று பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் அந்தப் பெண் தள்ளாடித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

“நான்தாம்மா போட்டேன். நீங்க உள்ளே உட்காருங்க, வண்டி வந்தா நான் சொல்றேன்.”

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப நீயே கண்ணாடியா நில்லு!” என்றாள்.

வாசலில் நின்றேன். தண்டவாளத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வண்டி தெரிந்ததும் குரல் கொடுத்து இருவரையும் பத்திரமாக ஏற்றிவிட்டேன்.

மறுநாள் அந்த அறை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, வண்டி வரும் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் தெளிந்த கண்ணாடி மாற்றினேன். அதன் பிறகு எத்தனையோ கட்டடங்களுக்கு ஜன்னல் வைத்துவிட்டேன். காத்திருப்பவர் உட்காரும் இடத்தில் முதலில் நான் உட்காராமல் கண்ணாடியைத் தொடுவதில்லை. என் தொழிலை அந்தப் பகல் வெயிலில்தான் கற்றேன்.