ஐந்தரை மணிக்குச் சாகிறவள்

மாலை ஐந்தரைக்கு வேலையிலிருந்து வருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். பையை ஆணியில் மாட்டுகிறாள். மணிக்கட்டில் வளையல் போலக் கிடக்கும் பழுப்பு டேப்பு உருளையை உருவி ஜன்னல் மேடையில் வைக்கிறாள். பிறகு அறையின் நடுவே மல்லாந்து படுத்துச் செத்துப்போகிறாள்.

“அம்மா செத்துட்டா! அம்மா செத்துட்டா!” என்று இரண்டு பிள்ளைகளும் குதிக்கிறார்கள்.

கோடை விடுமுறையின் முதல் திங்கட்கிழமை இதைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டபோது என் கையிலிருந்த கத்தரிக்கோல் காலில் விழுந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அதுவும் மெல்லிய சுவர். அங்கே யாராவது தும்மினால் இங்கே நூல் அறுந்துவிடும். நான் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறவள். வாய் அதிகம் பேசாது, காது நன்றாகக் கேட்கும். வராந்தாவுக்கு ஓடி அவர்கள் ஜன்னல் வழியே பார்த்தேன். செத்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு குலுங்கப் படுத்திருந்தாள்.

“பொணம் சிரிக்கக் கூடாதும்மா” என்றாள் ஒன்பது வயதுப் பெரியவள்.

“சிரிக்கலடி. செத்து ரொம்ப நேரமாச்சுல்ல, உப்பிக்கிட்டு இருக்கேன்” என்றது பொணம்.

ஆறு வயதுச் சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் வீட்டுக்குள் வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பெற்ற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு விளையாட்டைச் சொல்லித்தரும் தாயை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தை எட்டிப் பார்க்கவும் இல்லை. சுவர் வழியே வந்ததைக் கேட்டதோடு சரி.

தெருவில் எல்லோரும் அவளை டேப்பக்கா என்பார்கள். தெருக்கோடியில் இருக்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. நடக்கும்போதுகூட நகத்தால் டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டே நடப்பாள். நுனி கிடைத்துவிட்டால் பல்லால் கடித்து, கோல் வைத்து வெட்டியதுபோல நேராக அறுப்பாள். அறுந்த செருப்பு, கழன்ற துடைப்பம், முதுகு கிழிந்த பாடப்புத்தகம், எல்லாவற்றுக்கும் அதே மருந்துதான். ஒருமுறை மாடிக் குழாய் ஒழுகியது. வீட்டுக்காரம்மா பிளம்பரைத் தேடிப் போய்த் திரும்புவதற்குள் இவள் ஏறிச் சுற்றிவிட்டு இறங்கி வந்தாள். “மூணு வருஷம் தாங்கும்மா. நான் தாங்குறனோ என்னவோ, இது தாங்கும்.”

அவள் வீட்டில் கூர்மையான முனை என்று ஒன்று கிடையாது. மேசை, கட்டில், அலமாரி, ஜன்னல் மேடை, எல்லா முனைகளிலும் பெட்டி செய்யும் நெளிவு அட்டையை மடித்து வைத்து டேப்பு சுற்றியிருப்பாள். எங்கேயோ பார்சலில் அனுப்பக் கட்டி வைத்த வீடு மாதிரி இருக்கும். “கம்பெனிப் புத்தி வீடு வரைக்கும் வந்துடுச்சு பாரு” என்று வீட்டுக்காரம்மா சிரிப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விடுமுறைக்கு முன்பு, பக்கத்துத் தெருவில் நீச்சல், கீபோர்டு, களிமண் என்று கோடை வகுப்பு தொடங்கப்போவதாக ஒரு பலகை வைத்தார்கள். டேப்பக்கா போய் விசாரித்துவிட்டு வந்து குழாயடியில் சொன்னாள்: “ஃபீஸு எவ்வளவுன்னு கேட்டேன். சொன்னாங்க பாருங்க, எனக்கு வலிப்பே வந்துடுச்சு.” எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அவள்தான் சத்தமாகச் சிரித்தாள்.

அன்றைக்கே ஒரு பெரிய பெட்டியைப் பிரித்து, பின்பக்கம் நாற்பத்திரண்டு கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினாள். நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஓர் ஆட்டம். காசு கூடாது, அடுப்பு கூடாது, பிளேடு கூடாது. அவள் போட்ட சட்டம் அவ்வளவுதான். காலை ஏழரைக்கு அவள் போனால், மதியம் ஒரு மணிக்கு ஓடி வந்து இருபது நிமிடத்தில் சாப்பிட்டு, சாப்பிட வைத்து, மறுபடி ஓடுவாள். நடுவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது அந்த அட்டைதான்.

துணி சுற்றி வந்த நீள அட்டைக் குழாய்களைச் சுவரில் சாய்வாக ஒட்டிக் கோலி விடுவது ஓர் ஆட்டம். எந்தக் கோலி எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று பெரியவள் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கப்பல் ஆட்டம் இன்னொன்று. பத்து எண்ணுவதற்குள் முக்காலி, வாளி, நாற்காலி எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளித் தரையைக் கடலாக்கிவிட வேண்டும். அது அட்டையில் நான்கு முறை வந்தது. மொட்டைமாடியில் பழைய பிரஷைத் தண்ணீரில் தோய்த்துப் படம் வரைவார்கள். யானையின் தும்பிக்கைக்குப் போவதற்குள் வெயில் வாலை அழித்திருக்கும். “பாத்தீங்களாக்கா, தாளும் வேணாம், கழுவவும் வேணாம். வெயிலு சும்மாவே வேலை பாக்குது” என்றாள் என்னிடம். உடைந்த பொத்தான் ஒரு டப்பா கேட்டு வாங்கிப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இரண்டு துளையா நான்கு துளையா என்று பிரிப்பதற்காம். வென்றவர்களுக்குச் சோடா மூடி பரிசு.

இவ்வளவு நல்ல மூளை உள்ளவள் சாயங்காலம் ஆனால் ஏன் செத்துத் தொலைக்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தினமும் ஐந்தரைக்கு அதே கூச்சல். அப்புறம் பெரியவளின் குரல் விநாடிகளை எண்ணும். நடுவில் சின்னவன் ஒரு பெரிய ஆளைப்போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “தள்ளு, தள்ளு, தள்ளு!” என்பான். “சாவி வந்துடுச்சு, விரட்டு!” என்று பெரியவள் கத்துவாள். துடைப்பம் தரையில் அடிபடும். ஏதோ திருடன் போலீஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஓடிவந்து என் கதவை நாலு தட்டுத் தட்டுவார்கள்.

யார் கதவைத் தட்டினாலும் நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிற ரகம். தட்டுகிறவர்களே அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார்கள். இவர்களும் கொஞ்சம் நின்று, “திறக்கல. ஒரு மூடி கட்” என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். என்னைக் கேலி செய்வதாக நினைத்தேன்.

ஒருநாள் குழாயடியில் டேப்பக்கா பிடித்துக்கொண்டாள். “என்னக்கா, எங்க ஆட்டத்துல தினம் நீங்கதான் தோக்குறீங்க.”

“நான் எங்க ஆடினேன்?”

“அதத்தான் சொல்றேன். கதவைத் திறக்கிறது மட்டும்தான் உங்க பார்ட்டு. வசனம்கூடக் கிடையாது.”

தலையை ஆட்டிவிட்டு, பாதி நிரம்பிய வாளியோடு வந்துவிட்டேன். அன்றும் திறக்கவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கும் விஷயம் எட்டியது. மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள். “சாவு, பொணம்னு கத்துதுங்க பிள்ளைங்க. வேற நல்ல வார்த்தையே கிடைக்கலயா உனக்கு? நாளைக்கு நெசமாவே ஒண்ணு ஆனா யாரு பாப்பா?”

“அதுங்களே பாத்துக்கும்மா” என்றாள் டேப்பக்கா, டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டே.

இப்படியும் ஒரு பதில் உண்டா?

மூன்றாவது வாரம் புதன்கிழமை. மதியம் ஒன்று பத்து. கதவில் நாலு தட்டு.

மெஷினை நிறுத்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஓடும் காலடிக்காகக் காத்திருந்தேன். அது கேட்கவில்லை. கதவிடுக்கில், மிகப் பக்கத்தில், பெரியவளின் குரல் தாழ்ந்து வந்தது.

“ஆன்ட்டி, இது ஆட்டம் இல்ல.”

அந்தக் குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னை எழுப்பியது. கதவைத் திறந்தபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அதற்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே அவர்கள் வீட்டுக்குள் போனேன்.

டேப்பக்கா தரையில் கிடந்தாள். ஐந்தரை மணிக்குக் கிடப்பதுபோல் இல்லை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. கழற்ற நேரமில்லாமல் மணிக்கட்டிலேயே கிடந்த டேப்பு உருளை தரையில் டக், டக்கென்று இடித்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடு என்று சின்ன வயதில் கேட்டது. ஓடிப் போய் என் சாவிக்கொத்தை எடுத்து வந்தேன். ஒரே பூட்டு உள்ள வீட்டில் ஏழு சாவி வைத்திருக்கிறவள் நான். அவள் கையில் அதைத் திணிக்கக் குனியப் போனபோது சின்னவன் குறுக்கே கைகளை விரித்து நின்றான்.

“அக்கா! சாவி வந்துடுச்சு!”

“சாவி வேணாம் ஆன்ட்டி” என்றாள் பெரியவள். சுவர்க் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. வாயில எதுவும் வைக்கக் கூடாது. கதவைச் சாத்திட்டு அங்கயே நில்லுங்க. கீழ இருந்து யாரையும் விடாதீங்க.”

கதவைச் சாத்திவிட்டு நின்றேன். அப்போதுதான் அறை கண்ணில் பட்டது. முக்காலி, நாற்காலி, வாளி எல்லாம் சுவரோரம் போயிருந்தன. தரை கடலாக இருந்தது. தாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மடித்த துண்டைக் கொடுத்திருந்தார்கள். சின்னவன் ஓர் அட்டைத் துண்டைக் கொண்டுவந்து, இடித்துக்கொண்டிருந்த கைக்கு அடியில் தள்ளினான். டக் டக் சத்தம் நின்றது.

“ரெண்டு நிமிஷம். அஞ்சு ஆச்சுன்னா நீங்க ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணணும் ஆன்ட்டி. நம்பர் அட்டையில இருக்கு” என்றாள் பெரியவள்.

பார்த்தேன். நாற்பத்திரண்டு கட்டங்களுக்கும் கீழே நம்பர் பெரிதாக எழுதியிருந்தது. அதற்கு மேல் வரியில், ‘பக்கத்து வீட்டு ஆன்ட்டி: 4 தட்டு’. முனை தெரியாமல் கட்டி வைத்த மேசையில் சாய்ந்துகொண்டேன். இடுப்பில் எதுவும் குத்தவில்லை.

மூன்று நிமிடம் இருபது விநாடியில் உடம்பு அடங்கியது. மூச்சு பெரிதாக வந்தது. சின்னவன் தாயின் முகத்துக்கு எதிரே குந்தி ஒரு கையைக் காட்டினான். இன்னொரு கை அவன் வழக்கப்படி மூக்கில் இருந்தது. “அம்மா, இது எத்தனை வெரல்?”

அவள் வெகுநேரம் அவனையே பார்த்தாள். யாரென்று தெரியாத பார்வை. பிறகு நாக்கு குழற, “மூக்குல இருந்து... கைய எடுடா” என்றாள்.

பெரியவள் அப்போதுதான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். எடுத்ததும் உட்கார்ந்து அழுதாள்.

டேப்பக்கா மூன்று மணி நேரம் தூங்கினாள். வயிற்றுவலி என்று கம்பெனிக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று பெரியவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் நான் பொய் சொன்னேன். சாயங்காலம் டேப்பக்கா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கேட்ட முதல் கேள்வி, “சாவி கொண்டாந்தீங்களாமே?” கொத்து இன்னும் என் கையில்தான் இருந்தது. உள்ளங்கையில் ஏழு சாவியின் பல்லும் பதிந்திருந்தது.

“முன்ன ஒரு கம்பெனி. சாப்பாட்டு நேரத்துல விழுந்துட்டேன். ஆளாளுக்கு ஓடியாந்து ஒருத்தன் சாவி, ஒருத்தன் வெங்காயம். ஒரு புண்ணியவான் வாயில ஸ்பூனைச் சொருகிட்டான்.” உதட்டை இழுத்துக் காட்டினாள். கடைவாயில் ஒரு பல் இல்லை. “மறுநாள் மேனேஜரு, நீ வீட்ல இரும்மான்னுட்டாரு. அதனால இங்க யாருக்கும் சொல்லல. மெஷின் கிட்டப் போறதில்ல, கேட்டு வாங்கி பேக்கிங்லயே இருக்கேன். மாத்திரையும் விடறதில்ல. இருந்தும் எப்பவாச்சும் வந்துடும். ஸ்கூல் இருக்கிறப்பன்னா இதுங்க கண்ணுல படாது. லீவுல பட்டுடும்ல? தனியாப் பாத்தா அரண்டுடாதா? அதான் தினம் ஒருதரம் பாக்க வச்சேன். இப்பப் பாருங்க, அலுத்தே போச்சு அதுங்களுக்கு.”

“அதுக்கு ஏன் செத்துட்டா, செத்துட்டான்னு...” என்றேன்.

“வலிப்புன்னு கத்துனா தெருவுக்கே தெரிஞ்சு போகும். செத்துட்டான்னு கத்துனா விளையாட்டுன்னு நினைச்சுப்பாங்க.”

சாவிக்கொத்தைத் தரையில் வைத்தேன். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா தலைய ஆட்டுவீங்க. திறப்பீங்களான்னுல்ல தெரியணும்? அதான் தினம் தட்டச் சொன்னேன். ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, நீங்க திறக்கல. வேற வீட்டை மாத்திக்கலாம்னுகூட நினைச்சேன்.”

“ஏன் மாத்தல?”

“தட்டினதும் உங்க மெஷின் சத்தம் நிக்கும்ல? காதுல விழுதுன்னு தெரிஞ்சுது. காதுல வாங்குற ஆளு என்னைக்காவது ஒருநாள் திறந்துடும்.”

பிறகு மூடிக் கணக்கைத் தீர்த்தாள். பெரியவளுக்கு மூன்று, சின்னவனுக்கு மூன்று. அட்டை வைத்தது அவன் சொந்த யோசனை என்பதால் கூட ஒன்று. “உங்களுக்குக் கதவு திறந்ததுக்கு ஒண்ணு. சாவிக்கு ஒண்ணு கட்” என்று என் கையில் வைத்த மூடியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். “எழுதுங்கக்கா. எங்க சூப்பர்வைசரு பெட்டி மேல இருக்கிற எழுத்தையே படிக்க மாட்டாரு.”

ஆனால் அந்த வியாழக்கிழமை, அதாவது மறுநாள், அவள் வேலைக்குப் போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஏழரைக்குப் போனாள். ஐந்தரைக்கு வந்தாள். செருப்பு, பை, டேப்பு உருளை, ஒவ்வொன்றாகக் கழற்றும் சத்தம் சுவர் வழியே வந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

“அம்மா செத்துட்டா!”

மெஷினை நிறுத்தினேன். எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இரண்டாவது தட்டிலேயே திறந்துவிட்டேன். சின்னவன் ஓங்கிய கையோடு விழித்தான். அவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் பின்னாலேயே போய் அவர்கள் வாசலில் நின்றேன்.

தரையில் ஒருக்களித்துக் கிடந்த பொணம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, நான் வெறுங்கையோடு வந்திருக்கிறேனா என்று பார்த்தது.