எடை போடாத டயப்பர்

ஆஸ்பத்திரி வேலையில் கை பழகிவிட்டால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குக் கை பழகியதுதான் பயமாகிப்போனது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பெரியவர்கள் வார்டில் பதினாறு வருஷம் நர்ஸ்களுக்கு உதவியாக இருந்தேன். போன ஆடியில் என்னைப் பச்சைக்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வார்டு மாறிய சகோதரிகளே, உங்களுக்கும் அன்றைக்குப் பழைய வார்டுக்கே ஓடிப்போகலாமா என்று தோன்றியிருக்கும்தானே?

சத்தம்

பெரியவர்கள் வார்டில், பட்டாசு வெடிச் சத்தத்தில் காது அடைத்துப்போனவர்களிடம் கத்திக் கத்தியே என் தொண்டை பழகியிருந்தது. முதல் நாள், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தையிடமும் அதே குரலில், "என்ன ராசா, முழிச்சாச்சா?" என்றேன். குழந்தை இரண்டு கையையும் விரித்துத் துள்ளியது. மானிட்டர் கீச்சிட்டது. பொறுப்பு நர்ஸ் செல்விக்கு என் மகள் வயசு. ஓடி வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"இங்கன யாருக்கும் காது மந்தம் இல்லக்கா. நீங்க மனசுக்குள்ள பேசுனாலே கேக்கும்."

கண்ணாடிக்கு வெளியே

அடுத்த வாரம், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து மாரியம்மாளுக்கு ஏழாம் மாசமே பையன் பிறந்தான். ஒரு கிலோ நூறு கிராம். அப்பா முனியசாமி பட்டாசுக் கம்பெனியிலிருந்து அப்படியே வந்துவிட்டான். மூன்று தரம் சோப்புப் போட்டும் விரல் இடுக்கில் வெடிமருந்துப் பொடி போகவில்லை என்று உள்ளே வர மறுத்துவிட்டான். பிள்ளைக்கு நான் துணி மாற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றவன், நான் வெளியே வந்ததும் கேட்டான்:

"எங்க கம்பெனி சரவெடிக் கட்டே இதவிட வெயிட்டு. அவனத் தூக்கவே இந்தத் தடுமாத்தம் தடுமாறுதீகளே, வேற ஆளு இல்லையாக்கா?"

மஞ்சள் பை

மறுநாள் காலை பையனின் டயப்பர் ஈரமாக இருந்தது. மாற்றினேன், சுருட்டினேன், மஞ்சள் குப்பைப் பையில் போட்டேன். பெரியவர்கள் வார்டில் அப்படித்தான். இங்கே ஒவ்வொரு டயப்பரையும் எடை போட்டு, குழந்தை எத்தனை கிராம் சிறுநீர் போயிருக்கிறது என்று எழுத வேண்டும். செல்வி சொல்லித்தான் இருந்தாள். கை மறந்துவிட்டது.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். "பொறந்து ஒரு நாளாகப் போகுது, இன்னும் யூரின் போகலையா? கிட்னியப் பாக்கணும். மதுரைக்கு அனுப்பிருவோம்." அந்த உடம்பு மதுரை வரை தாங்குமா? மதுரை என்று செல்வி போய்ச் சொன்னதும், வெளியே முனியசாமி ஆம்புலன்ஸுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டான். சொன்னால் வேலை போகும் என்று பயம்தான். இருந்தும், "பையன் யூரின் போயிருக்கான் டாக்டர். டயப்பர எடை போடாம நாந்தான் தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

கையுறையோடு பையைக் கவிழ்த்துத் தேடினேன். உள்ளங்கை அளவு டயப்பர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது; அது அவனுடையதேதான். தராசில் வைத்து, காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தோம். பதினெட்டு கிராம். டாக்டரம்மா பேனாவை மூடினார்:

"நீங்க வாயத் திறக்கலைன்னா இவன் இந்நேரம் மதுரை ரோட்டுல இருந்திருப்பான். இனிமே தராச விட்டு நகராதீங்க."

முனியசாமி

அவனிடமும் மறைக்கவில்லை. அடிக்க வருவானோ என்று கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிப் போனை அணைத்தான். பிறகு சொன்னான்:

"எங்க வேலையில தப்பு விட்டா, திரும்பித் தேடுததுக்கு எடமே இருக்காதுக்கா. நீங்க தேடி எடுத்துட்டீகள்ல? போங்க, அவங்கிட்டயே இருங்க."

நாற்பது நாள் கழித்து அந்தப் பையன் ஒன்றே முக்கால் கிலோவாக வீட்டுக்குப் போய்விட்டான். நான்தான் இன்னும், பக்கத்து வீட்டுப் பிள்ளை பாயை நனைத்தால்கூடத் தராசு எங்கே என்று பதறிக்கொண்டிருக்கிறேன்.