சித்தியின் கைக்கு ஏற்ற சாமான்கள்

"கையில பலம் இல்லாதவளுக்கு ஏன்டி எல்லாரும் சின்னச் சின்னச் சாமானாவே வாங்கிக் குடுக்கறாங்க?"

சித்தி இதை என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. சின்னதாக இருந்தால் சுலபமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது பதில் தெரியும். தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்னும் வாய் கசக்கிறது. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. மருந்துக் கம்பெனியில் பாட்டில் மூடி இறுக்கும் வேலை. நகரும் ரப்பர் பட்டையில் பாட்டில்கள் ஓடி வரும், இயந்திரம் மூடியைச் சும்மா மேலே உட்கார வைக்கும், மனிதக் கைதான் அதைத் திருகி இறுக்க வேண்டும். என் வயதில் அந்தப் பட்டைக்கு முன்னால் உட்கார்ந்தவள், கட்டைவிரலின் அடி மூட்டு தேய்ந்த பிறகுதான் எழுந்தாள். இப்போது லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் மேசையில் போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் அவளுக்கு 'மூடி' என்று பெயர் வைத்தது என் மாமா. அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். "ஊருக்கெல்லாம் மூடினவ, இப்போ தன் தண்ணி பாட்டிலைத் திறக்க ஆள் தேடறா" என்பது அவருடைய ஜோக். குடும்பம் கூடும்போதெல்லாம் சொல்வார், அவரே முதலில் சிரிப்பார். ஊசிப்போன சோற்றைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணி வைப்பது போல இருக்கும்.

ஆனால் அந்த ஜோக்கைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது அவர்களுடைய அக்கறை. சித்தி டம்ளரை எடுத்தால் அம்மா பிடுங்குவாள். பையைத் தூக்கினால் மாமா பிடுங்குவார். "குடு, குடு, உன்னால முடியாது." சித்தியின் கை பாதி வழியில் காற்றில் நிற்கும். பிறகு மெதுவாக மடியில் வந்து விழும்.

ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சிக்குப் பிசைய ஒரு மஞ்சள் பந்து கொடுத்திருந்தார்கள். வியர்வையில் பிசுபிசுத்து, தலைமுடியெல்லாம் ஒட்டிக்கொண்டு, பார்க்கவே குமட்டும். அதே ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரக்கப்பல் இருந்தது. யாரோ ஒரு நோயாளி செய்து கொடுத்ததாம். டோக்கன் கூப்பிடும்வரை சித்தி அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் வெளியே வரும்போது சொன்னாள். "பந்தைப் பிசைஞ்சா என்னடி மிச்சம்? நான் ஒரு கப்பல் பண்ணப் போறேன். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வேற யார் கையும் அதுல படக் கூடாது. கோணலா வந்தாலும் சரி."

மரக்கப்பல் சாமான் விற்கும் கடைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கடைக்காரர் ஓர் இடுக்கியின் முனையால் காதைக் குடைந்துகொண்டே என்ன வேண்டும் என்று கேட்டார். சித்தி கையைக் காட்டினாள்.

"கை சரியில்லையா? அப்போ உங்களுக்கு இதான்மா. லேடீஸ் செட். எல்லாம் பொடிசு, பூ மாதிரி இருக்கும்."

சிவப்பு வெல்வெட் விரித்த பெட்டி. உள்ளே பென்சிலைவிட மெல்லிய கத்தி, அரம், ரம்பம், இடுக்கி. காதைக் குடைந்த இடுக்கியைச் சட்டையில் துடைத்து, அதையும் அந்தப் பெட்டியின் காலிப் பள்ளத்திலேயே வைத்து மூடினார். சித்தி அதைக் கவனிக்கவில்லை. வெல்வெட்டில் மயங்கிவிட்டாள். கப்பல் செய்யும் மரத்துண்டுகள் இருந்த பெட்டியோடு அதையும் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் நான்தான் அந்த இடுக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கப்பலுக்கு நடுவில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஒரு பலகை. அதில் விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டங்களைச் செருக வேண்டும். பிறகு மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து மேலே ஒட்டிக்கொண்டே வர வேண்டும். சித்தியால் முதல் சட்டத்தைக்கூடச் சீவ முடியவில்லை. கத்தி மெல்லிசாக இருந்ததால் அது நழுவாமல் இருக்க விரல்களை இன்னும் இறுக்கினாள். இடுக்கியை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் மரத்துண்டு நிற்கும். விரல் நடுங்கியதும் துண்டு பறந்து அலமாரிக்கு அடியில் போய்விடும். ஒட்டியதைப் பிடித்துக்கொள்ளத் துணிக் கிளிப் போடலாம் என்று நான் சொன்னேன். அதன் ஸ்ப்ரிங்கைத் திறப்பதற்குள் அவள் முகம் சுருங்கிவிட்டது.

அன்று மாலை கட்டைவிரல் வீங்கிவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அம்மா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள். அம்மா அப்போது ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

பதில் குடையிலிருந்து வந்தது. மறுநாள் மழை. குடையை விரித்துப் பிடித்தபடி பஸ் நிறுத்தத்தில் நின்ற சித்தி, "இது வலிக்கலடி" என்றாள். குடையின் கைப்பிடி தடிமன். உள்ளங்கை நிறைய உட்கார்ந்திருந்தது. விரல்கள் அதன்மேல் சும்மா படுத்திருந்தன. மெல்லிய கத்தியைத்தான் கசக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

குழாய்க்கு மேலே சுற்றுகிற ஸ்பாஞ்ச் உறையை வாங்கி வெட்டி, கத்திக்கும் அரத்துக்கும் மாட்டினாள். பார்ப்பதற்குக் கொழுத்த புழு மாதிரி அசிங்கமாக இருந்தது, ஆனால் கையில் நின்றது. மறுபடி கடைக்குப் போனோம். இந்தத் தடவை அவளே ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். அழுத்தினால் திறந்து, விட்டால் தானே கவ்விக்கொள்ளும் ஓர் இடுக்கி இருந்தது. அவள் அதை நாலைந்து தரம் திறந்து விட்டு, அது கவ்வுவதைப் பார்த்து ரசித்தாள். மேசை விளிம்பில் மாட்டும் பிடிப்பான் வேண்டும் என்றாள், அதுவும் திருகுக்குப் பதில் நீளக் கைப்பிடி வைத்தது.

"இதெல்லாம் பெரிய ஆளுங்க வாங்கறதும்மா" என்றார் கடைக்காரர்.

"நான் என்ன தொட்டில்லயா படுத்திருக்கேன்?"

பட்டியை வளைக்க ஒரு குறடு காட்டினார். சித்தி ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் பட்டிகளைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து, பாட்டிலைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் காய வைத்தாள். வளைந்துவிட்டன. கிளிப்புக்குப் பதிலும் ரப்பர் பேண்டுதான். பிளேடை அடிக்கடி மாற்றினாள், மழுங்கினால் அழுத்த வேண்டியிருக்கும் என்று. ஆனாலும் தப்பும் செய்தாள். இடது பக்கத்தில் ஒட்டிய முதல் பட்டிகள் நடுவில் மேலேறிவிட்டன. பக்கவாட்டில் பார்த்தால் கப்பல் ஒரு பக்கமாக வாயைக் கோணிச் சிரிப்பது போல இருக்கும். "இருக்கட்டும், என்னைப் பார்த்துத்தானே சிரிக்குது" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு அருகில் சித்தி தனியாகக் குடியிருக்கும் அறைக்கு மாமாவிடம் ஒரு சாவி உண்டு. அவளால் பூட்டைத் திறக்க முடியாமல் போனால் உதவும் என்று அவரே செய்துகொண்டது.

ஒரு சாயங்காலம் சித்தியும் நானும் அங்கே போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே அம்மாவும் மாமாவும். மாமா சித்தியின் துண்டில் பசைக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் கப்பல். இரண்டு பக்கமும் பட்டிகள் முழுக்க ஒட்டி, தேய்த்து, வழவழவென்று.

"எப்படி இருக்கு மூடி? லீவு போட்டுப் பண்ணேன். உன்னுது ஒரே கோணல். பிச்சுப் போட்டுட்டுப் புதுசா ஒட்டிட்டேன். இனிமே உனக்குக் கஷ்டமே இல்ல."

சித்தி குப்பைக் கூடையைப் பார்த்தாள். அவளுடைய பட்டிகள் அதில் கிடந்தன, மேலே வாழைப்பழத் தோல். அந்தத் தோலைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெறுப்பை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. சித்தி குனிந்து ஒவ்வொரு பட்டியாகப் பொறுக்கினாள். அம்மா, "குடு, நான் எடுக்கறேன்" என்று கையை நீட்டினாள்.

"தொடாதே அக்கா."

அம்மா நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள்.

"எந்தப் பசையில ஒட்டினீங்க அண்ணா?"

"இங்க இருந்த வெள்ளைப் பசைதான். ஏன்?"

சித்தி கெட்டிலில் தண்ணீர் சுட வைத்தாள். பழைய துணியை அதில் நனைத்துக் கப்பல்மேல் போட்டாள். வெள்ளைப் பசை சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். கொஞ்ச நேரத்தில் ஒரு பட்டியின் நுனி எழும்பியது. ஸ்பாஞ்ச் சுற்றிய கத்தியை அடியில் நுழைத்து, உள்ளங்கையால் தள்ளினாள். பட்டி கழன்று வந்தது. அடுத்தது.

"பைத்தியமா உனக்கு? நாள் பூரா உக்காந்து பண்ணிருக்கேன். கை வலிக்காம இருக்கட்டுமேன்னு."

"பாவம்டி அண்ணன்" என்றாள் அம்மா.

"நல்லாத்தான் பண்ணிருக்கீங்க அண்ணா. உங்களுக்குக் கப்பல் வேணும்னா கடை தெருமுனைலதான் இருக்கு. இது என்னுது." கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

மாமா என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்பது போல. நான் பசை படிந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு எங்கள் வீட்டிலும் அவர் அந்த ஜோக்கைச் சொல்லவில்லை. சித்தியோடு பேசுவதே இல்லை என்பதும் உண்மை.

மாமாவின் பட்டிகளைக் காய வைத்து அவருக்கே பொட்டலம் கட்டி அனுப்பினாள் சித்தி. தன்னுடையவற்றைக் கழுவி மறுபடி ஒட்டினாள். சில பட்டிகளில் பழத்தோலின் கறை இன்னும் இருக்கிறது. இந்தத் தடவையும் இடது பக்கம் கோணல்தான். வலது பக்கம் பாதி முடிந்திருக்கிறது. நான் அதைத் தொட்டதில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது கை வலி இருந்தால் இந்தக் கதையை அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். கை வலிக்கிறவர் பிறகு படித்துக்கொள்ளலாம். அவர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்குகிறவர் யாரோ, முதலில் அவரிடம் கொடுங்கள்.