கை படாமல் துடைத்தவள்

அட்டுவம்பட்டி அடைக்கலமேரியின் கை சுத்தமான கை என்று மாதா கோயிலில் பெயர். பூசைப் பாத்திரங்களைப் பதினைந்து வருடமாக அவள்தான் துடைத்து வைத்துவந்தாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் 1986இல் சுவாமிநாதன் சார் கொடைக்கானலில் தம் லேசர் கூடத்துக்கு அவளை வேலைக்கு எடுத்தார்.

சார் அங்கே கட்டிக்கொண்டிருந்தது ஒளியைச் சுருக்கும் கருவி. லேசரின் ஒரு சிமிட்டலுக்குள் சிவப்பு முந்தும், நீலம் பிந்தும். நுண்ணிய கோடுகள் கீறிய இரண்டு தகடுகளில் பட்டுத் திரும்பினால் இரண்டும் ஒன்றுசேர்ந்து, சிமிட்டல் குறுகிவிடும். அந்த ஒளியில் உயிருள்ள செல்லைச் சுடாமல் நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்பார். தகடுகள் வெளிநாட்டிலிருந்து வந்துசேர ஒன்றரை வருடம் ஆயிற்று.

"மேரிம்மா, இதுல மட்டும் கை படவே கூடாது."

அவள் கை படவிடவில்லை. கோயிலிலும் கை படக் கூடாத பாத்திரம் உண்டு; அதைத் துணியால் பிடித்துத் துணியால்தான் துடைப்பாள். ஒரு நாள் காலை தகட்டில் பனி பூத்திருந்தது. வெளுத்து மடித்த துணியால் இரண்டே இழுப்பு.

அன்று சுவரில் புள்ளியாக விழவேண்டிய ஒளி சிதறிக் கிடந்தது. சார் தகட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யாரோ துடைச்சிருக்காங்க. கோடெல்லாம் போச்சு. மேரிம்மா செய்யமாட்டாங்க." ஜன்னல் துடைக்கும் மாயன் பக்கம் திரும்பினார்.

"நானா? அதுக்கிட்டப் போகவே பயங்க சார். என் மூஞ்சி ஏழு கலர்ல தெரியுது."

அவன் சிரித்தான். சார் சிரிக்கவில்லை. மறுநாளே அவனைத் தோட்ட வேலைக்கு மாற்றினார்.

மேரிக்கு ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் சாரிடம் போய் உண்மையைச் சொன்னாள்.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"மேரி செய்யமாட்டாங்கன்னு சொன்னீங்களே சார். அந்தப் பேரை விட மனசு வரல."

சார் மேசையை விட்டு எழுந்தார். "மாயனை உள்ள வரச் சொல்லுங்க."

மாயன் பாத்தி கொத்திக்கொண்டிருந்தான். "துடைச்சது நாந்தான் மாயா," என்றாள்.

"தெரியும்க்கா. துணியோட நீங்க உள்ள நின்னதை ஜன்னல் வழியா பாத்தேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

"நான் சொல்லி யாரு நம்புவாக்கா?" மண்வெட்டியை அவன் கீழே வைக்கவில்லை. "இங்கனயே இருந்துக்கிறேன்னு சொல்லிருங்க."

கூடம் இருந்தவரை மாயன் உள்ளே வரவில்லை. ஜன்னல் துடைக்கும் சோலியும் மேரிக்கே வந்தது. தோட்டம் தெரியும் ஜன்னலை மட்டும் வெரசாகத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.