ஃபாரின் பீஸா, நம்ம ஊர் பீஸா

என் கணவரை வெட்டிய பிறகுதான் அவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்தது.

மனு அதற்கு முன்பே போட்டிருந்தோம். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் இரண்டு கம்பெனிகளின் இரும்புக் கழிவை எடுக்கும் காண்ட்ராக்ட் அப்போது அவரிடம் இருந்தது. அதை விட்டுவிடச் சொல்லி ஒருவர் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். முதலில் சிரித்துப் பேசுகிறவர்கள் வந்தார்கள், பிறகு சிரிக்காதவர்கள். மனுவை விசாரித்த அதிகாரி, "உயிருக்கு ஆபத்துன்னு எழுதியிருக்கீங்க. இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலையே?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. மனுவில் ஏதோ ஒன்று குறைகிறது என்பதைப் போலத்தான் கேட்டார்.

அந்தக் குறை ஒரு காலை நேரத்தில், எடைமேடையில், லாரி டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்தது. கழுத்துக்குக் குறி வைத்த கத்தியை அவர் வலக்கையால் தடுத்தார். உயிர் தப்பியது. மணிக்கட்டுக்கு மேலே நரம்புகள் அறுந்துபோயின. ஆபரேஷன் செய்தும் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே இல்லை. வெட்டிய பையன்கள் வெளியூர்க்காரர்கள். அனுப்பியது யார் என்று எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் எல்லாருக்கும் தெரியும். கேஸில் அந்த ஆளின் பெயர் வரவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்குள் காண்ட்ராக்ட் அந்த ஆளின் கைக்கே போயிருந்தது.

அதன் பிறகு என் கணவர் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடுகிறீர்களா என்றால் தலையாட்டல். டி.வி.யில் படம் மட்டும் ஓடும், சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார். கழிவு இரும்பு சேர்க்கும் குடோனைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினேன். பகலெல்லாம் அவர் ஒரு அறையில், நான் ஒரு அறையில்.

லைசென்ஸ் வந்ததும் எதை வாங்குவது என்ற பேச்சு எழுந்தது. அதைத் தொடங்கி வைத்தவன் என் தம்பி. குன்றத்தூரில் குடியிருந்துகொண்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசராக இருப்பவன். ஞாயிற்றுக்கிழமை வந்து போனில் படம் படமாகக் காட்டினான். ஐரோப்பாவில் பல தலைமுறையாகச் செய்துவரும் ஒரு சின்னக் கைத்துப்பாக்கி. சட்டைப் பையில் அடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதை அரசாங்கம் எப்போதோ நிறுத்திவிட்டதால், முன்பே வந்து சேர்ந்தவைதான் லைசென்ஸ்காரர்களுக்குள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் யானை விலை. அதே மாடலை அப்படியே வடநாட்டில் ஒரு தொழிற்சாலை இப்போது செய்கிறது. தம்பி அதைத்தான் வாங்கச் சொன்னான்.

"நம்ம ஊர் சரக்கா?" என்றார் என் கணவர். பல வாரம் கழித்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம்.

"இன்னா மாமா இப்டிக் கேக்கற? எங்க லைன்ல ஓடுற பார்ட்டு ஜெர்மனிக்குப் போவுது. அங்க கீறவன் அத்த ஃபாரின் சரக்குன்னு வாங்கிக்கினு கீறான்."

"உங்க கேட்டுக்கு வெளிய தள்ளுறத அள்ளுனவன் நான்டா. எத்தினி டன்னு ரிஜெக்ட் பாத்துக்கீறேன். லைன்ல ஒரு பீஸ் சரியில்லன்னா தூக்கிக் கடாசிட்டு வேற எடுப்ப. அவன் எதுக்க வந்து நிக்கசொல்ல இது மாட்டிக்கினா, வேற எடுக்க டைம் குடுப்பானா?"

"ரிஜெக்ட் ஆனத மட்டும் பாத்துட்டுப் பேசாத மாமா. பாஸ் ஆனது ஒண்ணுகூட உன் கண்ணுல பட்டதில்ல."

என் கணவர் சிரித்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அந்தச் சண்டை நடந்தது. பழசு என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்பான் இவன். பழசுதான் படிந்திருக்கும், புதுசு கையோடு பழக நாளாகும் என்பார் அவர். உதிரி பாகம் கிடைக்காது என்பான். உடைந்தால்தானே உதிரி பாகம் என்பார். எனக்கு இரண்டில் எதுவும் வேண்டாம். வீட்டுக்குள் அப்படி ஒரு பொருள் வருவதே பிடிக்கவில்லை. ஆனால் இருவரும் முடிவுக்கு வராமல் இப்படியே பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வார நாட்களில்கூட அவர் என்னைக் கூப்பிட்டு, "உன் தம்பிக்கு இன்னா தெரியும், சொல்லு" என்று ஆரம்பிப்பார். நான் வேண்டுமென்றே தம்பி பக்கம் பேசுவேன்.

கடைசியில் மூவரும் சென்னைக்குப் போனோம். தம்பிதான் கார் ஓட்டினான். கடைக்காரர் வயதானவர், மிக மரியாதையானவர். லைசென்ஸை வாங்கிப் பார்த்தார், உள்ளே போய் இரண்டையும் எடுத்துவந்து மேசையில் ஒரு துணியின் மேல் வைத்தார். ஒரே அச்சு. எது ஃபாரின், எது நம் ஊர் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கொஞ்சம் நிறம் மங்கியிருந்தது.

"கையில எடுத்துப் பாருங்க சார். மேல்பாகத்தப் பின்னால இழுத்து விடணும். அப்பதான் குண்டு ஏறும்."

என் கணவர் மங்கிய நிறத்துத் துப்பாக்கியை வலக்கையில் எடுத்தார். பிடி விரல்களுக்குள் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு துணியில் விழுந்தது. கடைக்காரர் அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "லெஃப்ட்ல பிடிங்க சார், ரைட்டால இழுங்க" என்றார். இடக்கையில் பிடித்து வலக்கையால் இழுத்தார். விரல்கள் இரும்பின் மேல் சறுக்கிச் சறுக்கி வந்தன. மறுபடி இழுத்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"அது பழசு மாமா," என்றான் தம்பி. புதியதை அவர் பக்கம் நகர்த்தினான். "இத்தப் பாரு."

புதியது இன்னும் இறுக்கம். அதிலும் முடியவில்லை. இழுக்கத் தேவையில்லாத ரிவால்வர் ஒன்றைக் கடைக்காரர் கொண்டுவந்தார். விசையை இடது விரல் அழுத்தியது, ஆனால் குழாய் கிடுகிடுவென்று ஆடியது. "பழகினா வந்துடும் சார்" என்றார் அவர். என் கணவர் மூன்றையும் துணியின் மேல் ஒழுங்காக, ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கி வைத்தார்.

"ரெண்டும் நல்ல பீஸ்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

திரும்பி வரும் வழியில், "பிசியோதெரபி போனா கை வந்துரும் மாமா" என்றான் தம்பி. "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் அவர். ஒரகடம் கூட்ரோட்டில் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாக நின்றன. வெகுநேரம் நகரவே இல்லை.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். போனில் எதையோ காட்டப் போனான். என் கணவர் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கும் ஓவர்டைம் வேலை என்று வரவு குறைந்துபோனது. துப்பாக்கி வாங்க லைசென்ஸில் கொடுத்திருந்த கெடு முடியும்போது, நீட்டிக்கக் கேட்கட்டுமா என்றேன். "எதுக்கு?" என்றார். அதுவும் ஒரு முழு வாக்கியம்தான்.

போன தை மாதம் படப்பையில் ஒரு கல்யாணம். சொந்தக்காரர் வீடு தேடி வந்து அழைத்திருந்ததால் போனோம். பந்தியில் என் கணவர் வலக்கையின் மடக்கிய விரல் முட்டிகளால் சோற்றைத் தள்ளித் தள்ளிச் சேர்த்தார். வீட்டில் ஸ்பூனால்தான் சாப்பிடுவார். அங்கே கேட்கக் கூச்சம். அப்போது எதிர்வரிசையில் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே ஒருவர் வந்தார். காண்ட்ராக்ட் யாரிடம் போனதோ, அவர்தான். எங்கள் இலைக்கு முன்னால் நின்றார்.

"இன்னாண்ணே, சௌக்கியமா?"

"கீறேன்" என்றார் என் கணவர்.

அந்த ஆள் கையைப் பார்த்தார். பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "அண்ணனுக்கு ஒரு ஸ்பூன் குடுங்க" என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. உறவுக்காரர் சொல்வது போலத்தான் இருந்தது. ஸ்பூன் வந்தது. என் கணவர் அதை இடக்கையில் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்" என்றார்.

முதல் வாய் சாப்பிடும்வரை அந்த ஆள் நின்றிருந்தார். என் கணவர் சாப்பிட்டார். ரசம், மோர், பாயசம் என்று கடைசிவரை சாப்பிட்டார். நானும் பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை.