சித்தியவானில் வாங்கிய ரேடியேட்டர்

1978 மார்ச் 12, ஞாயிறு, காலை 10.20, தூறல். பத்திரிகை விளம்பரம் பார்த்து வாங்கிய பழைய ரேடியேட்டரோடு ஈப்போவிலிருந்து பஸ்ஸில் சித்தியவான் போய் இறங்கினேன். அதை மாட்டியதும் என் கார் கொதித்ததால், விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கப் போனேன்.

விற்றவர் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். "அண்ணே, அப்புறம் பேசுவோம்லா," என்று கெஞ்சினார். "திருட்டுப் பயலே!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். நான் கொடுத்திருந்த நாற்பது மலேசிய வெள்ளியைத் திருப்பித் தந்தார்.

மெக்கானிக் வேறொன்றை மாட்டியும் கார் கொதித்தது. தண்ணீர்க் குழாயைக் கழற்றி ஒரு துணியை உருவினார். "அண்ணே, இது யாரு கைலி?" என்று சிரித்தார். காரில் முதலில் இருந்த ரேடியேட்டரைக் கழற்றியபோது, தூசி போகாதிருக்க நானே அடைத்து மறந்த துணி.

மறுவாரம் சித்தியவான் போய் விற்றவரிடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அன்னிக்கு என் மவளப் பொண்ணு பாக்க வந்தவங்கண்ணே. நீங்க போனதும் எந்திரிச்சிப் போயிட்டாங்க."

இதில் எனக்கு ஆன மொத்தச் செலவு, சண்டைக்கும் மன்னிப்புக்குமாக இரண்டு தடவை போய்வந்த பஸ் கட்டணம், பன்னிரண்டு வெள்ளி.